தேதியை மட்டும்தான் மாற்றினாள்

காயத்ரி போட்ட காப்பியைப் பஞ்சாட்சரம் இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தறிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சர்க்கரை போட்டியாம்மா?"

"போட்டேன்பா."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வள்ளி வாலாஜாபாத்துக்குப் போனதிலிருந்து அந்த வீட்டில் கேள்விகள் இப்படித்தான் பாதியில் நின்றுவிடுகின்றன. மருமகள் ஏன் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் அவள் பேரை எடுப்பதில்லை.

சென்ற இதழைத் தவறவிட்டவர்கள் பாவம், அவர்களை ஏன் தவிக்கவிட வேண்டும்? நடந்தது இதுதான்.

பஞ்சாட்சரம் தறியில் உட்காருகிறவர். மகன் ஆனந்தகுமார் நூல் வாங்கி, சாயம் ஏற்றி, நெசவுக்குக் கொடுப்பவன். அவன் மனைவி வள்ளி ஆர்டர் எடுப்பவள். போனில் பேசினாளென்றால் எதிர்முனையில் இருப்பவர்கள் புடவையோடு சேர்த்து வீட்டுக் கதையையும் சொல்லிவிடுவார்கள். மகள் காயத்ரி ஏனாத்தூர்க் கல்லூரியில் படித்து, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, அது பிடிக்காமல் திரும்பி வந்து, ஆர்டர்களையெல்லாம் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ள ஒரு ஆப் செய்து கொடுத்தவள். பக்கத்துத் தெருக் கடைக்காரர்களும் அதை வாங்கி வைத்திருக்கிறார்கள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம் ஒரு சமணக் குடும்பம், நயினார் வீடு என்பார்கள். சாந்திமதி அம்மாளின் மகள் அமுதாவுக்குக் கல்யாணம். பெண் பட்டு உடுத்துவதில்லை என்று விரதம் எடுத்தவள். ஒரு புடவைக்காக அத்தனை புழுக்களை வெந்நீரில் போடுவதா என்று அவளுக்கு மனது கேட்கவில்லை. அம்மாவுக்கோ காஞ்சிப் பட்டில் மகளைப் பார்க்க ஆசை. நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தவள் வள்ளி. புழு பூச்சியாகிப் பறந்துபோன பிறகு, அது விட்டுப்போன கூட்டிலிருந்து நூற்கும் பட்டு இருக்கிறதே, அஹிம்சா பட்டு, அதில் நெய்து தருகிறோம் என்றாள். "நான் பாத்துக்கறேன் பாப்பா" என்று அமுதாவுக்கு வாக்கும் கொடுத்தாள். ஆப்பிலும் அந்த நூலையே குறித்து வைத்தாள்.

புடவை நெய்தாயிற்று. அம்மாவோடு வாங்க வந்த அமுதா அதைத் தோளில் போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் அழகாகத்தான் இருந்தது. பளபளப்பு கூடுதலாகத் தெரிந்ததோ என்னவோ, "ஐயா, இது அந்த நூல்தானே?" என்று பஞ்சாட்சரத்தைக் கேட்டாள்.

"எந்த நூலும்மா? சாதாப் பட்டுதான். ஆப்புல அப்படித்தானே இருந்துச்சு" என்றார் அவர்.

அமுதா புடவையை எடுத்து, மடித்து, ஆனந்தகுமார் கையில் கொடுத்துவிட்டாள்.

அப்போதுதான் காயத்ரி வாயைத் திறந்தாள். "அண்ணி கைபட்டு அழிச்சிருப்பாங்க. இதெல்லாம் அவங்களுக்கு வராதுன்னு நான் அப்பவே சொன்னேன்." வந்தவர்களின் எதிரிலேயே சொன்னாள்.

"நான் நூலத் தொடலம்மா. புடவை குடுக்கற தேதிய மட்டும்தான் மாத்தினேன்" என்றாள் வள்ளி. யாரும் நம்பவில்லை. மாமனார் தலை குனிந்துகொண்டார். ஆனந்தகுமார் சட்டைப் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் வள்ளி ஒரு பையோடு பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கதை அங்கேதான் நின்றது. இன்றைக்குக் காலையில் காயத்ரிக்கு ஒரு போன் வந்தது.

"காயத்ரியா? கண்ணாயிரம் பேசறேம்மா. உன் ஆப்புல பழையபடி குறிப்பு காணாம பூட்ச்சி."

கண்ணாயிரம் அடுத்த தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். சந்தேகம் வந்தால் நேரம் காலம் பார்க்கமாட்டார்.

"சேவ் பண்ணீங்களா மாமா?"

"போன தடவையும் நீ இதையேதான் கேட்ட. நானும் சரி, நம்ம தப்புதான்னு விட்டுட்டேன். இந்தத் தடவை என் சம்சாரத்தப் பக்கத்துல நிக்க வச்சிக்கினு சேவ் பண்ணேன். முந்தானையில பொண்ணு பேரு நெய்யணும்னு குறிப்பு எழுதியிருந்தேன். இப்ப தொறந்து பாத்தா வெறுமையா இருக்குது."

"நடுவுல என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணியும் மாத்தல. தேதிய மட்டும்தாம்மா மாத்தினேன்."

காயத்ரி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். கண்ணாயிரம் அந்தப் பக்கம் "அலோ, அலோ" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

அவள் மாடிக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தாள். பொய்யாக ஒரு ஆர்டர் போட்டாள். நூல் என்ற இடத்தில் அஹிம்சா பட்டு என்று தேர்ந்தெடுத்தாள். குறிப்பில் வாய்க்கு வந்ததை எழுதினாள். சேமித்தாள். பிறகு வள்ளி செய்தது போலவே, தேதி மாற்றும் சின்னத் திரையைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றினாள்.

திரும்பப் போய்ப் பார்த்தாள். தேதி சரியாக மாறியிருந்தது. குறிப்பு காலி. நூல் என்ற இடத்தில் சாதாப் பட்டு என்று இருந்தது.

இன்னொரு தடவை செய்து பார்த்தாள். அதேதான்.

இது என்ன மாயம் என்று கேட்பீர்கள். விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டு எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். ஆர்டரெல்லாம் இருப்பது கைபேசியில் இல்லை. எங்கோ இருக்கும் சர்வர் என்ற கம்ப்யூட்டரில். கைபேசி அதற்குச் செய்தி அனுப்பித்தான் எதையும் மாற்ற முடியும். அதில் இரண்டு விதம் உண்டு. ஒன்றுக்குப் பேர் புட். "இந்த ஆர்டர் இனிமேல் இதுதான், பழையதைத் தூக்கிவிட்டு இதை வை" என்று அர்த்தம். மற்றதற்குப் பேர் பேட்ச். "நான் சொன்னதை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே" என்று அர்த்தம்.

ஆப்பில் ஒரு பெரிய திரை உண்டு. தேதி, நூல், குறிப்பு எல்லாவற்றையும் அது சேர்த்தே அனுப்பும். அதற்குப் புட் போட்டாலும் மோசமில்லை. சின்னத் திரை அனுப்புவது தேதியை மட்டும். அதற்குப் பேட்ச் போட வேண்டும். காயத்ரி அந்தப் பெரிய திரையிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டியவள், புட் என்பதை அப்படியே விட்டுவிட்டாள். சர்வரோ சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. தேதியைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லையா, அப்படியானால் வேறு எதுவும் இல்லை என்று துடைத்துவிட்டது.

நூல் காலியாக இருந்தால் சாதாப் பட்டு என்று எடுத்துக்கொள் என எழுதி வைத்தவளும் அவள்தான். காஞ்சிபுரத்தில் கல்யாணப் புடவைக்கு என்ன நூல் என்று யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

ஜெபகுமாரைக் கூப்பிட்டாள். சென்னையில் கூட வேலை பார்த்தவன். ஆப்பில் பாதி அவன் கைவேலை.

"ஜெபா, அந்தத் தேதி ஸ்கிரீன்ல நான் புட் போட்டு வச்சிருக்கேன்."

"பேட்ச் இல்லியா?"

"இல்ல."

"டெஸ்ட்ல எப்டி மிஸ் ஆச்சு?"

"டெஸ்ட்ல போட்ட ஆர்டர் எல்லாமே சாதாப் பட்டு, குறிப்பும் எழுதல. அழிஞ்சாலும் அதேதான் திரும்ப வந்து உக்காந்துக்கும். எப்டித் தெரியும்?"

"சரி, டென்ஷன் ஆவாத. சின்ன ஃபிக்ஸ்தான். நீ ஆப்புல மாத்து, நான் சர்வர்ல பாக்கறேன். ஆப் அனுப்பாத ஃபீல்டை, நூலோ குறிப்போ, அது தொடக் கூடாது. காலி பண்ணுன்னு வாயத் தொறந்து சொன்னாத்தான் காலி பண்ணணும். சொல்லாம விட்டதும் வேணாம்னு சொன்னதும் ஒண்ணு கெடையாது."

"தெரியும் ஜெபா. தெரிஞ்சேதான் தப்பு பண்ணியிருக்கேன்."

"யாருக்காச்சும் பிரச்சனை ஆயிடுச்சா?"

"எங்க வீட்லதான்" என்றாள்.

இரண்டு பேரும் உச்சி வெயிலுக்குள் அதைச் சரிசெய்துவிட்டார்கள். பொய் ஆர்டரில் தேதியை மாற்றிப் பார்த்தாள். தேதி மட்டும் மாறியது. நூலும் குறிப்பும் இருந்தபடியே இருந்தன. சந்தோஷப்பட வேண்டிய இடம். அவள் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தத் திரையை அவள் செய்ததே வள்ளிக்காகத்தான். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது யாராவது தேதி மாற்றச் சொல்லிக் கூப்பிடுவார்கள். "ஒரு தேதிய மாத்த இம்மாந்தூரம் ஸ்கிரீனத் தள்ளிக்கினே போவணுமா காயத்ரி?" என்று வள்ளி ஒரு நாள் அலுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே காயத்ரி உட்கார்ந்து செய்து காட்டினாள். வள்ளி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, திரையைத் தொட்டுப் பார்த்து, "எனக்காகவா?" என்று கேட்டாள். இப்போது அது ஞாபகம் வந்ததும் காயத்ரிக்கு அழுகை வந்துவிட்டது. அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே வந்தபோது ஆனந்தகுமார் கூடத்தில் நூல் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அண்ணி மேல தப்பு இல்ல. என் ஆப்புதான் அழிச்சிருக்குது."

அவன் நிமிரவில்லை. "சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"அப்ப விடு. வெளிய சொல்லிக்கினு இருக்காத. கண்ணாயிரம் கடையிலல்லாம் வச்சிருக்காங்க, உன் பேரு கெட்டுடும்."

"அண்ணி பேரு?"

அவன் அவிழ்த்த கட்டையே திரும்பக் கட்டத் தொடங்கினான்.

தறிச் சத்தம் நின்றது. பஞ்சாட்சரம் உள்ளேயிருந்தபடியே சொன்னார். "ரெண்டு பேரும் போய் அந்தப் பொண்ணைக் கூட்டிக்கினு வாங்க."

வாலாஜாபாத்துக்கு அண்ணன்தான் வண்டியை ஓட்டினான். காயத்ரி பின்னால் உட்கார்ந்து, என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். தெருமுனையில், அரிசி மில் சுவரை ஒட்டி, அவன் வண்டியை நிறுத்திவிட்டான்.

"நீ போய்ட்டு வா. நான் வண்டியப் பாத்துக்கறேன்."

அந்த ஓட்டை வண்டியை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்? காயத்ரிக்கு அப்போது அதைக் கேட்கத் தோன்றவில்லை.

வள்ளி வாசலை ஒட்டிய முன்கட்டில் அரிவாள்மனையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சந்தைக்குப் போயிருந்தாள்.

"வா காயத்ரி. வெயில்ல வந்துக்கீற, தண்ணி குடி."

கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் காயத்ரிக்குச் சுலபமாக இருந்திருக்கும். தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாயிரம் கூப்பிட்டது, பொய் ஆர்டர் போட்டது, சின்னத் திரை, புட், பேட்ச், எதையும் விடவில்லை.

வள்ளி நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஒரு கரைய மாத்தச் சொன்னா, புடவை மொத்தத்தையும் தறியிலேர்ந்து அறுத்துப் போட்ட மாதிரியா?"

"ஆமாண்ணி. நான்தான் அப்படிச் சொல்லி வச்சிருக்கேன் அதுக்கு."

வள்ளிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"நான் எவ்ளோ யோசிச்சேன் தெரியுமா? நெஜமாவே கை பட்டுடுச்சோ, பட்டும் எனக்குத் தெரியலியோன்னு. நீ படிச்சவ, அடிச்சுச் சொல்ற. எனக்கே எம்மேல நம்பிக்கை போயிடுச்சு. நீ திட்டினதக் கூட நான் மறந்துடுவேன். இத மறக்க நாளாவும்."

"மன்னிச்சிடுங்க அண்ணி." வரும் வழியில் யோசித்து வைத்த வாக்கியங்களில் இந்த ஒன்றுதான் வாயில் வந்தது.

"எங்கிட்ட சொல்லிட்ட. அன்னிக்கு நீ சொன்னது சாந்திமதி அம்மா எதிர்ல."

காயத்ரி உடனே போனை எடுத்தாள். வள்ளிக்குக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். இந்தப் பேச்சு தெருவுக்குத் தெரிந்தால் நாளைக்கு அவள் ஆப்பை எத்தனை கடைக்காரர்கள் வைத்திருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தாள்.

"சொல்லும்மா" என்றார் சாந்திமதி.

"அம்மா, நான் காயத்ரி. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அண்ணி நூலை ஒழுங்காத்தான் போட்டிருந்தாங்க. அவங்க தேதிய மாத்தினப்போ நான் செஞ்ச ஆப்புதான் அதை அழிச்சிடுச்சு. தப்பு முழுக்க என்னோடது."

பின்னால் யாரோ பாத்திரம் எடுத்து வைக்கும் சத்தம்.

"வள்ளி பக்கத்துல இருக்குதா?"

"இருக்கேம்மா" என்றாள் வள்ளி.

"ரெண்டு நல்ல வார்த்தை பேசணும்னு நெனச்சிக்கினே இருந்தேன். மனசு ஆறல, அதான் பேசல. அமுதாவுக்குக் காட்டன் எடுத்துட்டோம். வெள்ளையில அரக்குக் கரை. நல்லாத்தான் இருக்குது."

"பாப்பா ஒழுங்கா சாப்புடுதா?"

"சாப்புடறா. ஆனா அந்தப் புடவைப் பேச்சு எடுத்தா எழுந்து போயிடறா. எனக்குன்னு நெய்யச் சொல்லாம இருந்திருந்தா அந்தப் புழுங்க பொழச்சிருக்குமேங்கறா."

வள்ளி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் புடவை இன்னும் காஞ்சிபுரத்து வீட்டுப் பீரோவில்தான் இருக்கிறது. அதை விற்கவும் யாருக்கும் மனது வரவில்லை.

"கல்யாணத்துக்கு வந்துடு வள்ளி. நீ வரணும்னு அவளே சொன்னா."

"வரேம்மா" என்று சொல்லிவிட்டு வள்ளி போனைக் காயத்ரியிடம் திருப்பினாள்.

காயத்ரி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அமுதாவுக்கு நேர்ந்ததை இனி யாராலும் திருப்ப முடியாது. வள்ளிக்கு நேர்ந்ததையாவது சரிசெய்துவிட்டோம் என்று நினைத்தாள். பாவம், அவள் இன்னும் சின்னப்பெண்தான்.

"பையை எடுங்க அண்ணி. அண்ணன் தெருமுனையில நிக்குது."

வள்ளி எழவில்லை. உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு டம்ளர்தான் கொண்டுவந்தாள்.

"காயத்ரி, நூல் வேறன்னு நான் உன் ஆப்புல மட்டுந்தான் சொன்னேன்னு நெனைக்கிறியா?"

"வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"நூல் வாங்கறது யாரு? உங்கண்ணன்தானே. சோறு போடும்போது சொன்னேன். அந்த நயினார் வீட்டுப் புடவைக்கு நூல் வேறங்க, வெளியூர்லேர்ந்து வரவழைக்கணும், பொண்ணுக்கு வாக்கு குடுத்துக்கீறேன்னு. ஊம்னாரு. அதுவும் நிமிர்ந்து என் மூஞ்சப் பாத்து ஊம்னாரு."

காயத்ரி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு நீ பேசிக்கினு இருந்தப்போ நான் உன்னப் பாக்கல. அவரத்தான் பாத்துக்கினு இருந்தேன். இப்ப சொல்வாரு, இப்ப சொல்வாருன்னு." வள்ளியின் குரல் உயரவே இல்லை. "சட்டைப் பையில அவருக்கு என்னா கெடைச்சுதோ."

வெளியே மில்லின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"உம்மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீ மாத்த வேண்டியத மாத்திட்ட. மீதி இருந்தபடியே இருக்குது" என்று வள்ளி சொல்லிவிட்டு, அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

காயத்ரி தெருமுனைக்கு வந்தாள். ஆனந்தகுமார் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தான்.

"என்னா சொன்னா? வராளா?"

"நூல் வேறன்னு உங்கிட்ட சொன்னாங்களாமே."

அவன் வண்டிக் கண்ணாடியைத் திருப்பினான். திரும்ப இருந்த இடத்துக்கே கொண்டுவந்தான்.

"மறந்துட்டேன் காயத்ரி. நெஜமாவே. வேலை மேல வேலை. நூல் வாங்கறப்போ ஆப்பப் பாத்தேன், சாதாப் பட்டுன்னு இருந்துச்சு, வாங்கிட்டேன்."

"அது நூல் வாங்கறப்போ. அன்னிக்கு அந்தப் பொண்ணு புடவைய மடிச்சு உன் கையில குடுத்தாளே, அப்போ?"

"அப்போ ஞாபகம் வந்துடுச்சு."

அவன் அதைத் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அப்பா நிக்கறாரு, வந்தவங்க நிக்கறாங்க. நீ வேற அவதான்னு சொல்லிட்ட. வாயத் தொறக்கலாம்னு பாத்தேன். நேரம் போயிடுச்சு. அப்புறம் அப்படியே விட்டுட்டேன்."

காயத்ரி அண்ணனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு அவளுக்கு யோக்கியதை இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தாள், இல்லை என்று தோன்றியது. கையை நீட்டி வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"வண்டிய நான் பாத்துக்கறேன். நீ போ."

ஆனந்தகுமார் நடந்தான். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளையாக மாலையோடு வந்த தெரு. இன்றைக்கு யாரும் வாசலில் வந்து பார்க்கவில்லை என்பதே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வீட்டு வாசலில் நின்றான். உள்ளே வள்ளி குனிந்து கத்திரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் நிழல் அவள் கைமேல் விழுந்தது. அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

"வள்ளி" என்றான். "நீ எங்கிட்ட சொன்ன. நான் அன்னிக்கு அத எல்லார் எதிர்லயும் சொல்லியிருக்கணும்."

வள்ளி நிமிரவில்லை.

"ஊம்" என்றாள்.

ஆனந்தகுமார் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்றலாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றான்.